பாளை விடும் முன்பே கலயத்தைக் கழுவுங்கள்

வாசகர் கேள்விகள், வேளாண் அலுவலர் பதில்கள்

கேள்வி: எங்கள் புஞ்சை வரப்பில் அப்பா காலத்துப் பனை 34 மரம் நிற்கிறது. பத்து வருடமாக யாரும் ஏறவில்லை. செங்கல் சூளைக்கு மரம் வாங்குகிறவர் வந்து மொத்தமாக விலை பேசிவிட்டுப் போனார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஊரில் பனை ஏறத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வயது அறுபதுக்கு மேல். அவரை வைத்துப் பதநீர் இறக்கி நாங்களே வீட்டில் கருப்பட்டி காய்ச்ச முடியுமா? கொஞ்சம் சீனி சேர்த்தால்தான் கட்டுப்படியாகும் என்று பக்கத்து ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா? (பாளையம்பட்டி வாசகி)

பதில்: கடிதம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. தை முடியப் போகிறது. நம் பக்கத்தில் மாசியில் பாளை தலைகாட்டும், பங்குனி சித்திரையில் பதநீர் நன்றாக இறங்கும், ஆனி கடைசியில் வற்றும். மல்லி பிடுங்கி, பருத்தி கடைசி எடுப்பும் முடிந்து, கரிசல் வெடித்துக் கிடக்கிற அந்த நாலு மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் விளைச்சல் தருவது வரப்பில் நிற்கிற பனை ஒன்றுதான்.

முதலில் அண்ணன் விஷயம். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டது. 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாங்குகிறவர் சொல்வார். பிரச்சினை வந்தால் பட்டாவில் பெயர் இருக்கிறவரைத்தான் தேடி வருவார்கள். இதை மட்டும் அண்ணனிடம் சொல்லுங்கள். மனசைப் பற்றி அவரிடம் வாதாட வேண்டாம், எடுபடாது. பணக் கணக்கைப் பேசலாம். கீழே எழுதியிருக்கிறேன்.

34 மரத்திலும் இந்த வருடமே இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். அறுபது வயதுக்காரர் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துவிடும், பிறகு ஊறாது. இந்தத் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆகவே 10 மரம் போதும். அந்தப் பத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆண் பனையிலும் இறங்கும், பெண் பனையிலும் இறங்கும், ஆனால் பெண் பனை மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகத் தரும். மிக உயரமான மரங்களை விட்டுவிடுங்கள்.

பத்து வருடம் ஏறாத மரம் என்றால் உச்சியில் காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை எல்லாம் அடைந்து கிடக்கும். கதண்டு கூடு கட்டியிருக்கும், பாம்பும் இருக்கும். இப்போதே ஒரு நாள் ஒதுக்கி, வெயில் நன்றாக ஏறின பிறகு தலை கழித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காலில் போடும் தளைநார் புதிதாக இருக்க வேண்டும். போன வருடத்து நார் வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே இற்றுப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஒரு நாரால் விழுந்து இடுப்பு ஒடிந்தவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அவர் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பருவம் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வையுங்கள்.

இனி உங்கள் கைக்கு வரும் வேலை. எல்லோரும் கருப்பட்டி என்றால் அடுப்படி வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக் கருப்பட்டி கலயத்திலேயே கெட்டுப்போகிறது. மரத்திலிருந்து சொட்டுகிற சாறு சுத்தமான இனிப்பு. சொட்டிய சில மணி நேரத்திலேயே காற்றிலும் கலயத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் அதில் வேலையைத் தொடங்கிவிடும். அவற்றைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறோம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். கள் இறக்க 1987 முதல் இங்கே தடை இருக்கிறது. அதனால் சுண்ணாம்புப் பூச்சு உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும்கூட.

சட்டத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. பாதி புளித்த பதநீரைக் காய்ச்சினால் எவ்வளவு நேரம் எரித்தாலும் கட்டி சேராது. பனைச் சாற்றில் இருப்பது நாம் கடையில் வாங்கும் சீனியின் அதே வகை இனிப்பு. அது புளிப்பில் உடைந்து வேறு இரண்டு இனிப்புகளாகப் பிரிந்துவிடும். அவை மணி கட்டாது. பிசுபிசுவென்று பாகாகவே நிற்கும், அல்லது கட்டியானது போலிருந்து மூன்றாம் நாள் இளகும். 'பதம் தவறிவிட்டது' என்று அடுப்பில் நின்றவரைத் திட்டுவார்கள். தவறு முந்தின நாள் கழுவாத கலயத்தில் நடந்திருக்கும்.

ஆகவே கலயம் ஒவ்வொன்றையும் தினமும் வெந்நீர் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு பூசுங்கள். மரத்துக்கு இரண்டு கலயம் இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று மரத்தில் தொங்கும்போது மற்றது வெயிலில் காயும். 10 மரத்துக்கு 20 கலயம், உடைவதற்கு இன்னும் நாலைந்து. கலயத்தின் வாயைப் பன்னாடையாலோ வலைத்துணியாலோ மூடச் சொல்லுங்கள். தேனீயும் எறும்பும் மட்டுமல்ல, இரவில் வவ்வாலும் வாய் வைக்கும். வங்கதேசத்தில் வவ்வால் தொட்ட ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்து நிபா காய்ச்சலில் இறந்திருக்கிறார்கள். காய்ச்சுகிற நமக்கு அந்தப் பயம் குறைவு. ஆனாலும் பிள்ளைகள் இறக்கின உடனே குடிப்பார்களே.

சுண்ணாம்பு எவ்வளவு? பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், சுவருக்கு வெள்ளையடிப்பது போல அல்ல. இந்த விஷயத்தில் நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். வேளாண்மைப் பட்டம் வாங்கி வந்த புதிதில், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, 'சுண்ணாம்பைக் கூட்டினால் புளிக்கவே புளிக்காது' என்று அம்மாவுக்கு அறிவியல் விளக்கம் சொன்னேன். மகன் படித்தவன் ஆயிற்றே என்று அவரும் கூட்டிப் பூசினார். அன்றைய கருப்பட்டி தார் போலக் கறுத்து, நாக்கில் சாம்பலாகக் கரித்தது. வியாபாரி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியில் திரும்ப வைத்தார். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கலயங்களை என் முன்னால் கொண்டுவந்து வைத்துக் கழுவச் சொன்னார்.

சுண்ணாம்பு சற்றுக் கூடிவிட்டது என்று தெரிந்தால் பதநீரை அரை மணி நேரம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் மேலிருந்து இறுத்து, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். பெரிய அளவில் செய்கிறவர்கள் பாஸ்பேட் சேர்த்துச் சுண்ணாம்பைப் பிரிப்பது உண்டு. அதைக் கேள்விப்பட்டு உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அது வயலுக்கான சரக்கு, வயிற்றுக்கு அல்ல.

காய்ச்சுவதை அன்றே, காலை பத்து மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். அகலமான, அடி தட்டையான பாத்திரம் நல்லது. ஆழமான அண்டாவில் ஆவி போகாது, விறகுதான் போகும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் தீயை முழுசாக விடலாம். வெள்ளை நுரை எழும், அழுக்கு அதில்தான் ஏறும், வழித்து எடுங்கள். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது தட்டிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டு போட்டால் அப்படியே அடங்கும். அதன் எண்ணெய்ப் பசை செய்கிற வேலை அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு நுரை சிறுத்து, நிறம் செம்மையேறி, கொப்புளங்கள் கனமாக வெடிக்கத் தொடங்கும். அப்போது தீயைத் தணித்துவிடுங்கள். அடிப்பிடித்து நாசமாவது கடைசிக் கால் மணி நேரத்தில்தான். துடுப்பை நிறுத்தக் கூடாது, செல்போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலில் உருட்ட வரும். அதுதான் பதம். கையில் வெப்பமானி இருந்தால் 115 டிகிரியை நெருங்கும்போதே இந்தச் சோதனையைத் தொடங்குங்கள். இறக்கி வைத்து, ஓரத்தில் துடுப்பால் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். பளபளப்புப் போய் மங்கலாக மணி கட்டும்போது தண்ணீரில் நனைத்த சிரட்டைகளில் ஊற்றுங்கள்.

கனடாவில், முக்கியமாகக் கியூபெக் மாகாணத்தில், நம் பனை போல மேப்பிள் என்று ஒரு மரம். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கிற வசந்தத் தொடக்கத்தில், சின்னத் தோப்பு வைத்திருக்கிற குடும்பங்கள் மரத்தில் துளை போட்டுச் சாறு எடுத்துக் காய்ச்சுகிறார்கள். உலக மேப்பிள் பாகில் ஏறக்குறைய 70 விழுக்காடு அந்த ஒரு மாகாணத்தில் வருகிறது. அந்தச் சாற்றில் இனிப்பு சுமார் 2 விழுக்காடுதான். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. நம் பனைச் சாற்றில் 12 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. 9 லிட்டர், போனால் 10 லிட்டரில் ஒரு கிலோ கருப்பட்டியே, அதுவும் கட்டியாக, வந்துவிடும். ஆனால் அவர்கள் இடுப்பு உயரத்தில் நின்றபடி துளை போடுகிறார்கள். ஏறுகிற வேலை இல்லை. நமக்கு அதுதான் முழு வேலையும். கருப்பட்டியின் விலையில் பெரும்பகுதி அந்த ஏற்றத்துக்கான கூலி என்பதை வாங்குகிறவர் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

இப்போது அண்ணனுக்கான கணக்கு. 10 மரம், சராசரியாக மரத்துக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று வைப்போம். நம் வறண்ட நிலத்தில் இதற்குக் கூட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 20 லிட்டர், கருப்பட்டி 2 கிலோவுக்குச் சற்று மேலே. 70 நாளில் சுமார் 150 கிலோ. கலப்பில்லாத சரக்குக்குக் கிலோ 300 ரூபாய் கிடைத்தால் 45,000. ஏறுகிறவருக்குப் பாதி. சில ஊர்களில் ஒரு நாள் பதநீர் அவருக்கு, மறுநாள் மரக்காரருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள், அதுவும் நியாயமே. உங்கள் பங்கு 22,500. அடுப்பில் நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 210 மணி நேரம் நிற்கிறீர்கள். விறகு நாளுக்கு 15, 20 கிலோ போகும். உங்கள் புஞ்சையிலேயே சீமைக்கருவேல் மண்டிக் கிடக்குமே, அதையும் காய்ந்த பனை மட்டையையும் எரித்தால் விறகுச் செலவு உடம்பு உழைப்புதான். ஆக மணிக்கு 100 ரூபாய் அளவில் கிடைக்கும். கலயம், துணி, சிரட்டை வகையில் முதல் வருடம் கொஞ்சம் பிடிக்கும்.

இது பெரிய லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வேலை இல்லாத கோடையில், வாசலை விட்டுப் போகாமல் கிடைக்கிற வருமானம், அவ்வளவுதான். சூளைக்காரர் தருவது ஒரே ஒரு தடவை. வெட்டின இடத்தில் இன்னொரு பனை பாளை விட 12, 15 வருடம் ஆகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அண்ணனிடம் காட்டுங்கள்.

சீனிக்கு வருகிறேன். நீங்கள் நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்கிற கணக்கு பொய் அல்ல. 20 லிட்டர் பதநீரில் 5 கிலோ சீனியைக் கொட்டினால் செலவு 225 ரூபாய் ஆகும், 5 கிலோ சரக்கு கூடும். அதையும் கருப்பட்டி விலைக்கு விற்றால் ஒரே நாளில் 1,500 ரூபாய். அடுப்பின் முன்னால் வெந்துகொண்டு நிற்கிறவருக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் அதைக் கருப்பட்டி என்று விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் கலப்படச் சரக்கு நிறைந்து, பாதி விலைக்கு 'கருப்பட்டி' கிடைப்பதனால்தான் உண்மையான சரக்கைக் கொண்டுபோகிறவரிடம் 'ஏன் இவ்வளவு விலை' என்று கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் 10 மரம் ஏறி இறங்குகிற கூலியை அடிப்பது அந்த 5 கிலோ சீனிதான். சீனி சேர்ந்தால் அவருக்கு வேலையே தேவையில்லை. இரண்டு கலயம் பதநீரும் ஒரு மூட்டை சீனியும் போதுமே.

கண்டுபிடிக்க முடியாது என்பதும் சரியல்ல. கடித்துப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, தண்ணீரில் கரைப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை உள்ளே இழுக்கும் விதம் வேறு வேறு. அந்த வித்தியாசம் அவற்றின் இனிப்பிலேயே பதிந்திருக்கும். ஆய்வகத்தில் எடுத்துவிடலாம். மேப்பிள் பாகில் கரும்புச் சீனி கலந்தவர்களையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

விற்பனையை மொத்த வியாபாரியிடம் தொடங்காதீர்கள். அவர் சந்தை விலைக்குத்தான் கேட்பார், சந்தை விலையை நிர்ணயிப்பது சீனி. பாளையம்பட்டி, அருப்புக்கோட்டையில் உங்களைத் தெரிந்த இருபது வீடு, வெளியூரில் இருக்கும் சொந்தபந்தம் இருபது வீடு. முதல் வருடம் 75 கிலோவை விற்க அது போதும். 'வந்து நின்று பாருங்கள்' என்று காய்ச்சும்போதே கூப்பிடுங்கள். கருப்பட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து பேட்டை போட்ட தெற்கத்தி வியாபாரிகள் தங்கின ஊர்களில் பாளையம்பட்டியும் ஒன்று. நல்ல சரக்கை நாக்கில் அறிகிற பெரியவர்கள் இன்னும் அங்கே இருப்பார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை நீங்கள் பெட்டியில் போடக் கூடாது, உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். சிறு தயாரிப்பாளர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும். பதநீர் இறக்குவதற்கான அனுமதி விவரத்தையும், கருப்பட்டிப் பயிற்சி எப்போது என்பதையும் கோவிலாங்குளத்தில் மண்டல ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். பாளை வந்த பிறகு போனால் நேரம் இருக்காது.

கேள்வி: ஓடைக்கரையில் பனங்கொட்டை ஊன்றலாம் என்று இருக்கிறேன். பெண் பனையாக வருமா என்று கொட்டையிலேயே பார்க்க முடியுமா? இரண்டு வருடத்துக்கு முன் ஊன்றியதில் பாதி முளைக்கவே இல்லை. (திருச்சுழி வாசகர்)

பதில்: பார்க்க முடியாது. மூன்று கொட்டைப் பழம், இரண்டு கொட்டைப் பழம் என்று ஊரில் சொல்கிற அடையாளங்கள் எதையும் நம்பிக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பாளை விடுகிற வரை ஆணா பெண்ணா என்று மரத்துக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி வரும் என்று வைத்துக்கொண்டு நெருக்கமாக ஊன்றுங்கள். ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டையாக இருக்கட்டும், பறித்தது வேண்டாம். பத்தடி இடைவெளி, ஒரு சாண் ஆழம். நல்ல குணமுள்ள தாய் மரத்துக் கொட்டையே போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரில் எஸ்.வி.பி.ஆர். 1 என்று ஒரு பனை ரகமும் வெளியிடப்பட்டிருக்கிறது, ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

முளைக்காத பாதியை இப்போது ஓர் இடத்தில் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். பனை முதலில் மேலே வராது. முளை நேராகக் கீழே இறங்கும், அங்கே கிழங்கு வைத்த பிறகுதான் ஓலை மேலே எட்டிப் பார்க்கும். மழை குறைந்த வருடத்தில் இது இன்னும் தாமதமாகும். செத்துவிட்டது என்று உழுதுவிட்டவர்கள் நிறையப் பேர். கிழங்கைச் சாப்பிடத் தோண்டிவிட்டவர்கள் அதைவிட அதிகம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு தடவை விசாரியுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கி வைத்த கருப்பட்டி ஐப்பசி மழையில் கசிந்து ஒழுகிவிட்டது. கலப்படமா? (அருப்புக்கோட்டை வாசகி)

பதில்: கசிந்ததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. உண்மையான கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புளித்த பதநீரில் செய்ததும், பதம் முந்தி இறக்கியதும் சீக்கிரம் கசியும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஓலைப் பெட்டியில் அடுக்கி, விறகடுப்புப் பரணில் வைத்தால் மழைக்காலம் தாண்டும். எரிவாயு அடுப்பு வீடு என்றால் காற்றுப் புகாத பாத்திரத்தில், ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும். கசிந்ததைக் கொட்ட வேண்டாம். புளிப்பு வாடை இல்லாவிட்டால் சிறிது தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள், பணியாரத்துக்கும் சுக்குக் காப்பிக்கும் ஆகும்.